பாடாத பெட்டியும் பேசாத படமும்

கடல் கடந்து வாழும் பிள்ளைகள் இங்குள்ள பெற்றோருக்கு அனுப்பும் பொருள்களுள் இன்று முதலிடம் பெறுவன படமும் ஒலியுமேயாம். பேரப்பிள்ளை எடுத்து வைத்த முதலடி, ரொறன்ரோவிலே நடந்த அரங்கேற்றம், இலண்டனிலே நடந்த திருமணம் ஆகிய யாவும் விரலளவான பென் டிரைவ் ஒன்றினுள் அடங்கி வந்து சேருகின்றன. வீட்டிலுள்ளோர் எல்லோரும் கூடத்திலே கூடுகின்றனர். அயல்வீட்டாரும் வந்து அமருகின்றனர். தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்திலே அதனைச் செருகியதும், இக்கோப்பினைக் காட்ட இயலாது என்னும் பொருள்பட ஒரு வரி திரையிலே தோன்றி மறைகின்றது. சில வேளைகளிலே படம் ஓடும், ஒலி வாராது. வேறு சில வேளைகளிலே ஒலி வரும். மணமக்களின் முகங்கள் பக்கவாட்டிலே இழுபட்டுப் பூசணிக்காய் போலத் தோன்றும்.

பெட்டி பழுதாயிற்று என்பர் சிலர். அனுப்பியவனுக்கு அனுப்பத் தெரியவில்லை என்பர் வேறு சிலர். பெரும்பாலும் பெட்டியிலும் பழுதில்லை, அனுப்பியவரிடமும் குற்றமில்லை. அனுப்பிய கோப்பு ஒரு மொழியிலே பேசுகின்றது. பெற்றுக்கொண்ட பெட்டி வேறொரு மொழியையே அறியும். இவ்விரண்டையும் இணக்கிவைக்கும் வழி யாது என்பதையே இங்குச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம். இதற்குப் பொறியியல் கற்றிருத்தல் வேண்டுவதில்லை. பொறுமையும், ஒரு கணினியும், ஒரு மாலைப்பொழுதும் இருந்தாற் போதும்.

உறையும் கடிதமும்

கோப்பின் பெயரினது இறுதியிலே ஒரு புள்ளிக்குப் பின் எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ., எம்.ஓ.வி. என்றவாறு சில எழுத்துகள் நிற்பதை வாசகர்கள் கண்டிருப்பர். இவற்றைப் படத்தின் வகையென்றே பலரும் கருதுகின்றனர். அவை உண்மையிலே உறையின் பெயர்களாம். உறையினுள்ளே படம் ஒரு தாளாகவும், ஒலி வேறொரு தாளாகவும் கிடக்கின்றன. தபாற்காரர் உறையைக் கொண்டுவந்து தருவார். உள்ளேயிருக்கும் கடிதம் எம்மொழியிலே எழுதப்பட்டுள்ளது என்பது அவர் அறியாத விடயம்.

ஏ.வி.ஐ. என்னும் உறை மைக்ரோசொப்ட் நிறுவனத்தாரால் 1992ஆம் ஆண்டிலே ஆக்கப்பட்டது. எம்.கே.வி. 2002இலே தோன்றியது, ஒன்றினுள் ஒன்றாக அடங்கும் உருசிய நாட்டுப் பொம்மையின் பெயரைத் தழுவியே அதற்குப் பெயரிட்டனர். எம்.பி.4 என்பது அப்பிள் நிறுவனத்தாரின் பழைய உறையொன்றிலிருந்து வளர்ந்தது. கடிதத்தின் மொழிகளோ வேறு. இன்று மிகப் பெரும்பாலான பெட்டிகளுக்குத் தெரிந்த பட மொழி எச்.264 என்பதாகும், அது 2003இலே வெளியாயிற்று. அதனினும் சுருக்கமாக எழுதவல்ல எச்.265 என்பது 2013இலும், ஏ.வி.1 என்பது 2018இலும் வெளியாயின. எனவே, 2012ஆம் ஆண்டிலே வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டிக்கு அதற்கு அடுத்த ஆண்டிலே பிறந்த மொழி எங்ஙனம் தெரியவரும்? கணினிக்குப் புதுமொழியை மென்பொருளின் வாயிலாகக் கற்பிக்கலாம். தொலைக்காட்சிப் பெட்டியிலும் காரிலுள்ள வானொலியிலுமோ மொழியறிவு சிறு சில்லு ஒன்றினுள்ளே பெரும்பாலும் நிலையாகப் பதிக்கப்பட்டுள்ளது. பிறவியிலே அறியாததை அது பின்னர் அறிவதரிது.

உறையின் மேலுள்ள பெயரை மாற்றிவிட்டாற் போதும் என்று எண்ணுவோர் பலர் உளர். நாம் அறிந்த ஒரு குடும்பத்திலே தாயார் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடந்தது. அவர் தம் இறுதி மாதங்களிலே வெளிநாட்டிலுள்ள மகளுக்கு வாட்ஸப் வழியாகப் பேசியனுப்பிய குரற்செய்திகள் நாற்பதுக்கு மேலிருந்தன. சமையற் பக்குவம், மருமகனின் நலம், முற்றத்து முருங்கை பூத்த செய்தி என்று எல்லாம் அவற்றுள் இருந்தன. உறவினர் கூடியிருக்கும் வேளையிலே அக்குரலை ஒலிபெருக்கியிலே கேட்பிக்க மகள் விரும்பினார். வாடகைக்கு வந்த ஒலிபெருக்கிப் பெட்டியோ எம்.பி.3 ஒன்றையே அறிந்தது. அச்செய்திகள் ஓபஸ் என்னும் முறையிலே பதிவானவை. அம்முறை 2012இலேதான் நியமமாக்கப்பட்டது. இளைய மகன் கோப்புகளின் பெயரிறுதியை எம்.பி.3 என்று திருத்தி எழுதினான். பெட்டி அவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டிச் சென்றதேயன்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. புடலங்காய்ச் சாக்கிலே வாழைக்காய் என்று எழுதிவிட்டால் உள்ளே காய் மாறிவிடுமா? அயலிலுள்ள மாணவி ஒருத்தி வந்து, பெயரை மாற்றாது குரலையே எம்.பி.3 ஆக மாற்றி எழுதிக் கொடுத்தாள். அதற்கு அவளுக்குப் பிடித்தது ஐந்து நிமிடமே. அதன் பின்னர் அவ்வீட்டிலே நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை, தாயாரே பேசிக்கொண்டிருந்தார்.

நாற்பத்து நாலாயிரத்து நூறு

ஒலியை எண்ணாக மாற்றும் வித்தை பற்றி ஓரளவு அறிந்திருத்தல் நன்று. காற்றிலே எழும் அதிர்வினை ஒரு செக்கனுக்குப் பல்லாயிரம் முறை அளந்து, அவ்வளவைகளை வரிசையாக எழுதிவைப்பதே இலக்கமுறை ஒலிப்பதிவாகும். மனிதச் செவி ஏறக்குறைய 20,000 ஏர்ட்ஸ் மீடிறன் வரையுமே கேட்கவல்லது. அதனைக் குறைவறப் பதிவதற்கு அதன் இருமடங்கிற்கும் மேற்பட்ட முறை அளத்தல் வேண்டும் என்பது கணித விதி. சோனி, பிலிப்ஸ் ஆகிய இரு நிறுவனத்தாரும் இணைந்து 1982ஆம் ஆண்டிலே சந்தைக்குக் கொணர்ந்த இறுவட்டிலே செக்கனுக்கு 44,100 முறை அளக்கப்பட்டது. நாற்பதாயிரத்துக்கு மேல் என்றால் விளங்குகின்றது. அஃதென்ன நாற்பத்து நாலாயிரத்து நூறு என்று எம்மிடம் வினவும் மாணவர் உளர். விடை சுவையானது.

அக்காலத்திலே இத்துணை எண்களைப் பதிந்து வைக்கத்தக்க கருவி வீடியோ நாடாப் பொறி ஒன்றே. ஆகையால் ஒலியின் எண்களைப் படத்தின் வரிகளிலே, வரிக்கு மூன்றாக எழுதினர். அமெரிக்க முறையிலே செக்கனுக்கு 60 முறை, முறைக்கு 245 வரிகள் பயன்பட்டன. ஐரோப்பிய முறையிலே செக்கனுக்கு 50 முறை, முறைக்கு 294 வரிகள். பெருக்கிப் பாருங்கள்: 60, 245, 3 ஆகியவற்றின் பெருக்கமும் 44,100, 50, 294, 3 ஆகியவற்றின் பெருக்கமும் 44,100. இரு பெருநிலங்களின் இருவேறு பொறிகளும் ஒருங்கே ஏற்கத்தக்க எண் என்பதனாலேயே அது தெரிவாயிற்று. இணக்கம் என்னும் சிக்கல் இன்று நேற்றுத் தோன்றியதன்று என்பது இதனாற் புலனாகும். படத்தோடு சேர்ந்த ஒலிக்கு வழங்குவது 48,000 என்னும் எண். பாட்டு மட்டுமாயின் 44,100, படமாயின் 48,000 என்று மனத்திற்கொண்டால் எப்பெட்டியும் முகஞ்சுளிக்காது.

இறுவட்டின் முறைப்படி ஒரு நிமிட ஒலிக்குப் பத்து மெகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும். இதனைப் பத்திலொரு பங்காக்கிய புகழ் எம்.பி.3 முறைக்கு உரியது. ஜேர்மனியிலே எர்லாங்கன் நகரத்து பிரௌன்ஹோபர் ஆய்வு நிலையத்தாரின் பங்கு இதிலே பெரிது. கோயிலிலே காண்டாமணி ஒலிக்கும்போது அருகில் நிற்பவர் முணுமுணுப்பது நமக்குக் கேட்பதில்லையன்றோ? கேளாத ஒலியைப் பதிவானேன் என்பதே இம்முறையின் அடிப்படை. பேரொலியின் நிழலிலே மறையும் சிற்றொலிகளை அது நீக்கிவிடுகின்றது. அன்றேற் பரும்படியாக எழுதுகின்றது.

நீக்குவதிலும் ஓர் அளவு உண்டு. ஈழத்துத் தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி அவர்கள் 1975ஆம் ஆண்டிலே மறைந்தார். இன்றைய இளைஞர் அவரது வாசிப்பை அறிவது பழைய நாடாக்களின் தயவினாலேயே. அந்நாடாக்களை எம்.பி.3 ஆக்கும் அன்பர் பலர், இடம் மிச்சம் பிடிக்கவேண்டி, செக்கனுக்கு 64 கிலோபிட் என்னும் மிகக் குறைந்த அளவிலே ஆக்கிவிடுகின்றனர். பேச்சுக்கு அது போதும். தவிலுக்கோ அது கேடு. எம்.பி.3 முறை ஒலியை ஒரு செக்கனின் நாற்பதிலொரு கூறளவான சிறு துண்டுகளாக வகுத்தே சுருக்குகின்றது. துண்டின் நடுவிலே சொல் ஒன்று வெடித்து விழுமாயின், சுருக்கத்தினால் விளைந்த இரைச்சல் அத்துண்டு முழுவதும் பரவும். அடி விழுமுன்னரே அதன் புகைபோன்ற ஓர் ஓசை முந்திக்கொண்டு கேட்கும். கூர்மை மழுங்கும். தவில், மிருதங்கம், கடம் முதலிய தாளவாத்தியங்களுக்கு 192 கிலோபிட்டுக்குக் குறையாமற் கொடுத்தல் வேண்டும் என்பது எமது துணிபு. 256 ஆயின் இன்னும் நன்று. ஒரு மணி நேரக் கச்சேரி 192 அளவிலே ஏறக்குறைய 86 மெகாபைட்டே பிடிக்கும். இன்றைய பென் டிரைவுகளின் கொள்ளளவுக்கு அது ஒரு பொருட்டோ?

எம்.பி.3 ஒன்றை மீண்டும் எம்.பி.3 ஆக்குதலும் தகாது. நிழற்பிரதியை நிழற்பிரதி எடுத்தாற்போல ஒவ்வொரு முறையும் ஏதேனுமொன்று கழியும், கழிந்தது மீளாது.

இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே

ஒலியினும் படம் வில்லங்கம் மிகுந்தது. இலங்கையிலே தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டிலே தொடங்கியது. 1982இலே ரூபவாகினி வந்தது. நாம் மேற்கொண்டது பால் என்னும் ஐரோப்பிய முறை. செக்கனுக்கு 25 படங்கள், டி.வி.டி. தட்டிலே ஒவ்வொன்றும் 720க்கு 576 புள்ளிகள். கனடாவிலும் அமெரிக்காவிலும் வழங்கியதோ என்.ரி.எஸ்.சி. முறை. அதிலே செக்கனுக்கு ஏறக்குறைய 30 படங்கள். புள்ளிகள் 720க்கு 480. நம் நாட்டிலே விற்கும் தட்டுப்பொறிகள் பெரும்பாலும் இரண்டையும் அறியும். அங்கே விற்பவற்றுட் பல தம் முறையன்றி வேறறியா. ஆகையினாலே, இங்கு நடந்த திருமணத்தின் தட்டு அங்கே அண்ணன் வீட்டிலே ஓடாதுபோவது வழக்கம். அங்கிருந்து வருவதோ இங்கு ஓடிவிடும். படம்பிடிப்பவரிடம் தட்டுக் கேட்பவர்கள், கனடாவுக்கு ஒன்று என்.ரி.எஸ்.சி. முறையிலே வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தல் நலம். கடையிலே வாங்கும் திரைப்படத் தட்டுகளுக்கு வலய எண் என்றொரு தடையும் உண்டு. இலங்கை ஐந்தாம் வலயம். கனடா முதலாம் வலயம். வீட்டிலே எழுதும் தட்டுகளுக்கு அத்தடையை இடவேண்டியதில்லை.

தட்டின் காலம் மங்கிவருகின்றது என்பதும் உண்மையே. இன்று வருவன பெரும்பாலும் கைத்தொலைபேசிப் படங்கள். ஐபோன் கருவிகள் 2017 முதலாக எச்.265 முறையிலே எடுத்து, எம்.ஓ.வி. என்னும் உறையிலே வைக்கின்றன. இங்குள்ள பழைய பெட்டி திணறுவதற்கு முதற்காரணம் இதுவே. அனுப்புவோர் அக்கருவியின் கமெரா அமைப்பிலே, கூடிய இணக்கம் என்னும் பொருளுள்ள தெரிவினை முன்னரே இட்டுவைத்தால் எச்.264 ஆகவே பதிவாகும். வாட்ஸப் மூலம் அனுப்பும்போது படம் மிகச் சுருங்கி மங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் எடுத்தவாறே வந்து சேரும்.

வந்து சேர்ந்தபின் மாற்றுவது எவ்வாறு? இதற்குக் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. ஹாண்ட்பிரேக் என்பது இலவசமாகக் கிடைப்பது. கோப்பினைத் திறந்து, 1080 புள்ளி உயரமும் செக்கனுக்கு 30 படமும் என்று குறித்த ஆயத்த அமைப்பைத் தெரிந்து, தொடங்குக என்றாற் போதும். வெளிவருவது எம்.பி.4 உறை, அதனுள் எச்.264 படம், ஏ.ஏ.சி. ஒலி. இம்மூன்றும் சேர்ந்ததே இன்று ஏறக்குறைய எப்பெட்டியும் ஏற்கும் சேர்க்கை. பெட்டி பழையதாயின் 720 போதும். படத்திலே செக்கனுக்கு இத்தனை என்ற கணக்கு மாறாதிருக்குமாறு நிலையான வீதம் என்பதையும் தெரிவுசெய்க. கைத்தொலைபேசி வெளிச்சத்துக்கேற்ப அவ்வீதத்தைக் கூட்டியும் குறைத்தும் எடுப்பதுண்டு. சில பெட்டிகளிலே பாடுபவரின் வாய் ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமுமாகப் பிரிந்துபோவதற்கு அதுவும் ஒரு காரணம்.

படம் ஓடி, ஒலி மட்டும் வாராதிருப்பின் முழுவதையும் மாற்ற முனைதல் வீண் வேலை. பெரும்பாலும் ஒலித்தாள் டி.டி.எஸ். போன்ற ஒரு முறையிலிருக்கும், அதை ஏ.ஏ.சி. ஆக மாற்றிப் படத்தாளை உள்ளவாறே விட்டுவிடலாம். உறை ஒன்றே பொருந்தாதாயின், தாள்களைத் தொடாது உறையை மட்டும் மாற்றலாம். எவ்.எவ்.எம்பெக் என்னும் கருவி இதிலே வல்லது. படத்தின் தரம் ஓரணுவும் குறையாது, வேலையும் சில நிமிடத்திலே முடியும். அக்கருவிக்குக் கட்டளைகளை எழுத்திலே கொடுக்கவேண்டியிருப்பதால் வீட்டிலுள்ள மாணவரிடம் ஒப்படைத்தல் நன்று.

சுருக்காத படம் எத்துணைப் பெரிதென்பதையும் இடையிலே சொல்லிவிடுகின்றோம். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட படம் செக்கனுக்கு 25 ஆயின், ஒரு செக்கனுக்கு 155 மெகாபைட்டுக்கு மேல் வேண்டும். எச்.264 அதனை ஒரு மெகாபைட்டளவிலே அடக்கித் தருகின்றது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மாறியதை மட்டும் எழுதி, மாறாத பின்புறச் சுவரை எழுதாது விடுவதே அதன் சூட்சுமம். நட்டுவனார் அமர்ந்திருக்கும் படம் குறைந்த இடத்திலே அடங்குவதும், சூரன்போர்க் கூட்டத்தின் படம் அடங்க மறுத்துக் கட்டங்கட்டமாக உடைவதும் அதனாலேயாம்.

பென் டிரைவின் குணங்கள்

கோப்பு சரியாக இருந்தும் பெட்டி அதைக் காணாதிருக்கலாம். பென் டிரைவ் எம்முறையிலே ஒழுங்குசெய்யப்பட்டுள்ளது என்பதே இங்கு வினா. கார் வானொலிகளும் பழைய பெட்டிகளும் ஃபட்32 என்னும் ஒழுங்கையே பெரும்பாலும் அறியும். அவ்வொழுங்கிலே தனிக்கோப்பு ஒன்று நான்கு கிகாபைட்டை எட்டலாகாது. மேற்சொன்ன செக்கனுக்கு ஒரு மெகாபைட் என்னும் அளவிலே எழுபது நிமிடத்துக்கு மேற்பட்ட படம் அதனுள் அடங்காது. ஆதலால் நீண்ட திருமணப் படத்தை முகூர்த்தம் வரை ஒன்று, அதன்பின் ஒன்று என்று பிரித்து எழுதுதல் வசதி. புதிய பெட்டிகள் பல எக்ஸ்ஃபட் ஒழுங்கையும் ஏற்பதால் அவற்றுக்கு இவ்வில்லங்கமில்லை. ஒழுங்கு மாற்றும்போது பென் டிரைவில் உள்ளது யாவும் அழிந்துபோம் என்பதை மறவற்க.

தமிழ்ப் பெயர்களும் தனி ஒரு தொல்லை. ஒருங்குறியிலே 1991 முதலாகவே தமிழுக்கு இடமுண்டு. ஆயினும் பழைய கார் வானொலிகளின் திரை தமிழெழுத்தை அறியாது. கட்டங்களையும் வினாக்குறிகளையும் வரிசையாகக் காட்டும். பாமினி முதலிய பழைய எழுத்துருவிலே பெயரிட்ட கோப்புகளோ, பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் கோவையாகத் தோன்றும். கோப்பின் பெயருக்கு முன்னே 01, 02 என்று எண்ணிட்டு, பிறகு எம்மொழியிலேனும் எழுதுக. பெயர் தெரியாவிடினும் வரிசை தெரியும். 1, 2 என்று ஓரிலக்கத்திலே எழுதினால் 10ஆம் பாட்டு 1ஐ அடுத்து வந்து நிற்கும். இன்னொரு விந்தையும் உண்டு: சில பெட்டிகள் பெயரைப் பாராது, எழுதப்பட்ட ஒழுங்கிலேயே ஒலிக்கின்றன. அவற்றின் பொருட்டுப் பாடல்களை ஒவ்வொன்றாக முறைப்படி எழுதவேண்டியதே.

இனி மிக அவசரமான பகுதிக்கு வருகின்றோம். அலுமாரியின் மேற்றட்டிலே கிடக்கும் பழைய நாடாக்களைக் கோப்பாக்கும் வேலை அது. பிலிப்ஸ் நிறுவனத்தார் 1963இலே அறிமுகஞ்செய்த சிறு ஒலிநாடா நம் வீடுகளிலே ஒருகாலத்திலே கடிதமாகவும் பயன்பட்டது. வீடியோ நாடாப் பொறியை இறுதிவரை செய்துவந்த யப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016ஆம் ஆண்டு ஆடி மாதத்தோடு அத்தொழிலை நிறுத்திற்று. நாடாவிலே காந்தத்தூள் உதிர்கின்றது. அதனை ஓட்டும் பொறியும் அரிதாகிவருகின்றது. இவ்விரண்டுள் எது முந்தினும் உள்ளிருக்கும் குரலுக்கு முடிவே.

முதலிலே நாடாப்பெட்டியின் மேல்விளிம்பிலுள்ள சிறு தகட்டை ஒடித்துவிடுக. அதன்பின் தவறுதலாக அதன் மேல் வேறொன்று பதிவாகாது. பொறியின் தலையை ஐசோபுரொபைல் அற்ககோலிலே தோய்த்த பஞ்சினாலே துடைக்க. பொறியின் ஒலி வெளிவாயிலைக் கணினியின் ஒலி உள்வாயிலோடு கம்பியினால் இணைக்க. ஒலிவாங்கியை முன்னே வைத்துப் பதிதல் கூடாது. மின்விசிறியின் இரைச்சலும் தெருவிலே செல்லும் முச்சக்கர வண்டியும் அதனுட் புகுந்துவிடும். ஓடாசிட்டி என்னும் இலவச மென்பொருளிலே 48,000 அளவையும் 24 பிட்டும் கொண்டு, சுருக்காத வேவ் கோப்பாகப் பதிக. ஒரு மணி நேர நாடா ஏறக்குறைய ஒரு கிகாபைட் ஆகும். அதுவே மூலம், அதைத் தொடாது வைக்க. இடம் போதாதெனின் ஃபிளாக் முறையிலே சுருக்கலாம். அது எதனையும் கழிப்பதில்லை. காருக்கும் ஒலிபெருக்கிக்கும் வேண்டிய எம்.பி.3களை அம்மூலத்திலிருந்து வேண்டியபோதெல்லாம் எடுத்துக்கொள்ளலாம். மூலத்தை ஒரே வீட்டிலே வையாது, ஒரு பிரதி இங்கும் மற்றொன்று வேற்றூரிலுள்ள உடன்பிறந்தார் வீட்டிலுமாக வைத்தல் பாதுகாப்பு. இடப்பெயர்வுகளிலே படப் புத்தகங்களை முற்றாக இழந்த குடும்பங்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

விழாவுக்கு ஆயத்தஞ் செய்வோர், முழுக் கோப்பையும் மாற்றுமுன் ஒரு நிமிடத் துண்டை மாற்றி, விழாவிலே பயன்படப்போகும் அதே பெட்டியிலே ஓட்டிப் பார்க்க. கணினியிலே ஓடிற்று என்பது சான்றாகாது; வி.எல்.சி. போன்ற மென்பொருளுக்கு ஏறக்குறைய எல்லா மொழியும் தெரியும். எழுதி முடிந்ததும் பென் டிரைவைச் சடுதியாகப் பிடுங்காது, கணினியிடம் விடைபெற்ற பின்னரே எடுக்க. கோப்பின் கடைசிப் பகுதி அதுவரை எழுதப்படாதிருத்தல் கூடும், எம்.பி.4 உறையின் பொருளடக்கம் பெரும்பாலும் அக்கடைசியிலேதான் இருக்கும்.

நாடாவிலே பேசுவோர் யார், எவ்வூரிலே, எவ்வாண்டிலே பேசினர் என்பதைக் கோப்பின் பெயரிலும், ஒரு தாளிலும் எழுதுக. அக்குரல்களை அடையாளங்காணவல்ல பெரியம்மாவோ சித்தப்பாவோ வீட்டிலிருப்பாராயின், அவரை அருகிலே நாற்காலியிலே இருத்திக்கொண்டே இவ்வேலையைத் தொடங்குக.